ஆமென் சொன்ன பிறகு

கடைசி ஆசீர்வாதம் முடிந்துவிட்டது. ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் ஒரே குரலில் "ஆமென்" சொல்லி எழுந்து, கசங்கிய துணியை நீவிவிட்டுக்கொண்டு, வாசலில் செருப்புத் தேடப் புறப்பட்டார்கள். கிருபாராணி மட்டும் முழங்காலிலேயே இருந்தாள்.

பக்தியால் அல்ல. எழுந்திருக்க முடியவில்லை.

முதலில் முயன்றபோது இரண்டு முட்டிகளும் அசைய மறுத்தன. சரி என்று வலது கையைத் தரையில் ஊன்றிப் பார்த்தாள். மணிக்கட்டில் சுரீரென்று ஒரு வலி புறப்பட்டு, தோள்வரை போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. கார்த்திகை மாதத்து ஓசூர்க் குளிர், கோவிலின் கருங்கல் தரை, விடிந்தும் விடியாததுமாய் வைக்கிற ஆராதனை. மூன்றும் சேர்ந்து அவளைப் பிடித்து வைத்துக்கொண்டன.

'எல்லாரும் போகட்டும். ஆளில்லாதபோது நகர்ந்து நகர்ந்து தூணைப் பிடித்து எழுந்துகொள்ளலாம்' என்று நினைத்து, முக்காட்டை இழுத்துவிட்டு, கைகளைக் கூப்பி, கண்களை மூடிக்கொண்டாள். பார்க்கிறவர்களுக்கு ஒரு பெண் தனியாக ஜெபம் செய்வதாகத்தான் தெரியும்.

அப்படித்தான் தெரியவும் வேண்டும். அவள் உடம்பு சரியில்லை என்பது பள்ளிக்கூடத்துக்குத் தெரியக் கூடாது.

கோவிலை ஒட்டியிருந்த மிஷன் பள்ளிக்கூடத்தில் கிருபாராணி தையல் டீச்சர். வயது நாற்பதுகூட ஆகவில்லை. போன மழைக்காலத்திலிருந்து விரல் மூட்டு, மணிக்கட்டு, முட்டி என்று ஒவ்வொன்றாக வீங்க ஆரம்பித்தது. கிருஷ்ணகிரியில் ஒரு டாக்டரிடம் ரகசியமாகப் போய்க் காட்டினாள். அவர் விரல்களை அமுக்கிப் பார்த்தார்.

"வாதத்துல இது ஒரு வகைம்மா. மூட்டுக்குள்ளயே வீக்கம். காலையில கட்டை மாதிரி இருக்கும். வெயில் ஏற ஏறச் சரியாகும். சாயங்காலம் ஆனா உடம்பு துவண்டு போயிடும்."

"ஆமாங்க டாக்டர். நேர்ல பாத்த மாதிரியே சொல்றீங்க."

"ஆஸ்பிரின் தர்றேன். ஆனா முக்கியமான மருந்து ஓய்வுதான்."

கிருபாராணி தலையாட்டிவிட்டு வந்தாள். ஓய்வு எந்தக் கடையில் கிடைக்கும் என்று அவரிடம் கேட்கவில்லை.

அவளுக்கு முன்னால் இருந்த தையல் டீச்சருக்குக் கண் மங்கியது. சேலத்தில் இருந்த பெரிய ஐயர், அதாவது மூத்த பாதிரியார்தான் அந்தப் பகுதிப் பள்ளிகளுக்கெல்லாம் அதிகாரி. அவருடைய ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது. அந்த அம்மாளுக்கு மாலை போட்டார்கள், நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள், உருக்கமாகப் பேசினார்கள். மாலை வாடுவதற்குள் டீச்சர் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அந்த வீட்டில்தான் இப்போது கிருபாராணியும் அவள் கணவன் ஜான்பீட்டரும் குடியிருந்தார்கள். வேலை போனால் கூரையும் போகும். ஆகையால், வலியைப் பல்லுக்குள்ளே வைத்துக் கடித்துக்கொண்டு சிரித்த முகமாக நடமாடினாள்.

கோவிலில் சத்தம் அடங்கியது. எல்லாரும் போய்விட்டார்கள் என்று நினைத்து ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள்.

பக்கத்துப் பாயில் செல்வம்மாள் மறுபடியும் முழங்காலில் இருந்தாள். அவளுக்குப் பின்னால் பெண்கள் எல்லாரும் இருந்தார்கள். ஆண்கள் பக்கமும் அப்படியே. ஆராதனையை முடித்து வாசல்வரை போன சபைப் போதகர் ஜெபதுரை ஐயர்கூடத் திரும்பி வந்து, பலிபீடத்துக்குக் கீழே மண்டியிட்டு, தலையைக் குனிந்திருந்தார்.

கிருபாராணி திறந்த கண்ணைச் சட்டென்று மூடிக்கொண்டாள்.

அவர்கள் போனால்தான் இவள் எழுந்திருக்க முடியும். இவளைப் பார்த்து அவர்கள் ஜெபத்தில் இறங்கிவிட்டார்கள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. கிழக்கு ஜன்னல் வழியாக வெயில் வந்து அவள் முட்டிமேல் விழுந்தது. ஆண்டவர் அனுப்பிய ஒத்தடம் போல் அது மெல்ல இறங்க, முட்டி கொஞ்சம் இளகியது. ஒரு மூச்சில் தூணைப் பிடித்து எழுந்துவிட்டாள். அவள் எழுந்ததும் ஒரு பெருமூச்சோடு சபை முழுவதும் எழுந்தது.

"மன்னிக்கணுங்க ஐயா. மனசுல கொஞ்சம் பாரம். நேரமாயிடுச்சி" என்றாள்.

"ஆண்டவர் சமுகத்தில் அவசரம் எதற்கு அம்மா? நிதானமாக இருங்கள்" என்றார் ஜெபதுரை ஐயர். எப்போதும் மெதுவாகப் பேசுகிற மனிதர். அன்று இன்னும் மெதுவாகப் பேசினார்.

ஜான்பீட்டர் பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பர். ஞாயிற்றுக்கிழமையும் பஸ் ஓடும் என்பதால் காலை ஆராதனைக்கு அவனால் வர முடியாது. மத்தியானம் சாப்பிட வந்தவன், நடந்ததைக் கேட்டுத் தட்டில் சாதத்தை வைத்துக்கொண்டு சிரித்தான்.

"சிரிக்காதீங்க! எனக்கு உயிரு போயி உயிரு வந்துச்சி."

"சரி ராணி, சரி. இதுக்கு வழி சுலபம். வர்ற ஞாயித்துக்கெழமை கடைசியில போயி செவுரோரமா உக்காரு. ஆமென்னு சொன்னதும் செவுத்தப் புடிச்சி எந்திரி. முடிஞ்சிபோச்சி."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. அடுத்த ஞாயிறு சீக்கிரமே போனாள். ஆனால் பாய் விரிக்கிற சாந்தம்மா அவளுக்கும் முன்னாலேயே வந்திருந்தாள். கோவிலைப் பெருக்கி, பாய் போட்டு, விளக்குத் துடைப்பதெல்லாம் சாந்தம்மாவின் வேலை. முன்வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் கோரைப்பாயை நாலாய் மடித்து, மேலே ஒரு ஜமுக்காளத் துண்டும் போட்டு வைத்திருந்தாள்.

"டீச்சரம்மா, உங்க எடம் இதுதாங்க."

"வேணா சாந்தம்மா. நான் கடைசியில உக்காந்துக்கறேன்."

"அதெப்படிங்க? நீங்க போயி கடைசியில உக்காருவீங்களா? வாங்க வாங்க."

ஜெபக்காரிக்கு மரியாதை! கிருபாராணி கூசிப்போய் அதில் உட்கார்ந்தாள். முழங்கால் போட்டபோது மெத்தென்று இருந்தது. அந்த மெத்துதான் வினையாயிற்று. முட்டி இரண்டும் துண்டுக்குள் சுகமாகப் புதைந்துகொண்டு, போன வாரத்தைவிட அதிக நேரம் எழ மறுத்தன. சபை மறுபடியும் முழங்காலில் நின்றது. பக்கத்து வீடுகளிலிருந்து குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை ஜன்னல் வழியாக வந்தது.

"அது எங்க வூட்டுக் கொழம்பு" என்று செல்வம்மாள் கண்ணைத் திறக்காமலே முணுமுணுத்தாள். ஆனாலும் எழவில்லை.

"செவுரு வேலைக்கி ஆவல. இனி மருந்துதான்" என்றான் ஜான்பீட்டர்.

பெங்களூரில் ஒரு கடையில் மூட்டுவலித் தைலம் கிடைக்கும், தேய்த்தால் படுத்த மாடும் எழுந்துவிடும் என்று கண்டக்டர் கோவிந்தன் சொன்னான். வாங்கியும் வந்தான். ஆனால் வருகிற வழியில் எல்லைச் சோதனைச் சாவடியில் போலீஸ் ஜவான் பஸ்ஸை நிறுத்திச் சோதித்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் மைசூர் ராஜ்யத்தில் சாராயக்கடை உண்டு. இந்தப் பக்கம் மெட்ராஸ் ராஜ்யத்தில் மதுவிலக்கு. பாட்டிலைத் திறந்து முகர்ந்ததும் ஜவானுக்குக் கண் கலங்கியது.

"இதென்னடா, முழு ஸ்பிரிட்டு!"

"வாதத்துக்குத் தேய்க்கிறதுங்க."

"யாருக்கு வாதம்?"

கிருபாராணியின் பேரைச் சொல்லக் கூடாது என்று கோவிந்தனுக்குக் கண்டிப்பான உத்தரவு. "எனக்குதாங்க" என்றான். "அப்ப இங்கயே தேய்ச்சிக் காட்டு" என்றான் ஜவான். கோவிந்தன் பஸ் நிறைய ஜனம் பார்க்க இரண்டு காலிலும் தேய்த்துக்கொண்டு நொண்டிக் காட்டினான். அன்று முழுவதும் டிக்கெட் கிழிக்கிறபோதெல்லாம் நொண்டவேண்டியதாயிற்று.

மிச்சமிருந்த தைலத்தை ஞாயிறு காலையில் கிருபாராணி இரண்டு முட்டியிலும் தாராளமாகத் தேய்த்துக்கொண்டாள். உடம்புக்குச் சூடாகத்தான் இருந்தது. ஆனால் கோவிலுக்குள் போய் உட்கார்ந்ததும் வாசனை எழுந்து நடக்க ஆரம்பித்தது. முன்வரிசையில் கிளம்பி, நடுவரிசை கடந்து, ஆண்கள் பக்கம் போயிற்று. செல்வம்மாள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்த ஜெபதுரை ஐயர் நடுவில் நிறுத்தி, "ஜன்னலை எல்லாம் திறந்துவிடுங்கள்" என்றார்.

திறந்தும் போகவில்லை. ஆண்கள் பக்கத்தில் யாரோ, "சாராய வாசம்ப்பா" என்று சொல்லிவிட்டார்கள்.

கிருபாராணி முக்காட்டை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். அந்தச் சமயத்தில் கடைசி வரிசையிலிருந்து எல்லப்பன் எழுந்து நின்றார். கோவில் மணி அடிக்கிறவர். ஒரு காலத்தில் பெரிய குடிகாரர். சபைக்கு வந்தபிறகு ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லை என்பது ஊருக்கே தெரியும்.

"ஐயா, என் மேலதான் அடிக்குதுங்க. மன்னிக்கணும்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் மாமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்.

அன்றைக்கு ஆமென் சொன்ன பிறகு கிருபாராணி உண்மையாகவே ஜெபம் செய்தாள். மனம் கசந்து அழுதாள். எல்லாரும் போன பின் நேரே மாமரத்தடிக்குப் போனாள்.

"எல்லப்பண்ணே, நீங்க குடிச்சீங்களா?"

"இல்லீங்களே."

"பின்ன ஏன் அப்பிடிச் சொன்னீங்க?"

"யாரோ ஒருத்தரு மேல அடிக்குது. நல்ல பேரு எடுத்தவங்க மேல அடிச்சா அவுங்களுக்குக் கஷ்டம். என் மேல அடிச்சா ஊரு சுலபமா நம்பும் பாருங்க. அந்தப் பேரு சும்மாதான் கெடக்குது. யாருக்காச்சும் ஒதவட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் மணிக்கயிற்றைச் சுருட்டப் போய்விட்டார்.

கிருபாராணி வீட்டுக்கு வந்து பாட்டிலைக் கொல்லையில் கவிழ்த்தாள். அதைக் குடித்த கறிவேப்பிலைச் செடி மறுநாளே வாடியது.

அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் துணிகள் தைக்கிற வேலை. காலை வகுப்பில் ஊசியைப் பிடிக்க விரல் மடங்காது. பிள்ளைகளிடம், "யாரு முதல்ல ஊசி கோக்கறீங்க பாப்போம்" என்று போட்டி வைத்துச் சமாளித்தாள். சாயங்காலம் வீடு வந்தால் நின்றபடியே தூங்கிவிடலாம் போன்ற அசதி. தலைமுடியைப் பின்னக்கூடக் கையைத் தூக்க முடியாமல் கொண்டை என்ற பேரில் எதையோ சுருட்டிக்கொண்டாள். அந்த அசதி ஞாயிற்றுக்கிழமையும் கூடவே கோவிலுக்கு வந்தது. ஆமென் சொல்லிக் கண்ணை மூடியவள், முழங்காலிலேயே முன்னால் சாய்ந்து நன்றாகத் தூங்கிவிட்டாள்.

விழித்தபோது நெற்றிக்குக் கீழே யாரோ ஒரு துண்டை மடித்து வைத்திருந்தார்கள். முதுகில் ஒரு கம்பளிச் சால்வை. சபை முழங்காலில். தன் தொண்டையிலிருந்து அப்போதுதான் முடிந்துபோன ஒரு குறட்டையின் வால் அவள் காதிலேயே விழுந்தது.

"சால்வை போத்தறாங்கங்க எனக்கு! ஏதோ பெரிய மகானுக்குப் போத்தற மாதிரி!" என்று கணவனிடம் அழுதாள். "நான் ஊர ஏமாத்தறேன். அடுக்குமாங்க?"

"நீ வாயத் தொறந்து ஒரு பொய் சொன்னியா?"

"இல்ல."

"சும்மாதான முட்டி போட்டிருந்த?"

"ஆமா."

"அப்ப ஏமாந்தது அவுங்க. நீ ஏமாத்தல."

இந்த நியாயம் பஸ் ஸ்டாண்டுக்குப் போதும். கிருபாராணியின் மனசுக்குப் போதவில்லை.

கோவிலுக்கு எதிர்வீட்டில் பால் விற்கிற நாராயணம்மா இருந்தாள். கோவிலுக்குள் வந்து பழக்கமில்லாதவள். ஆனால் வாரா வாரம் கதவு வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் காலையில் பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாக வந்து நின்றாள்.

"ஏமம்மா டீச்சரு, எங்க ஆவு கன்னு போட்டும் பால் எறக்க மாட்டேங்குது. கிட்ட போனா ஒதைக்குது. நீ வந்து மொழங்கால் போட்டு உங்க சாமிகிட்ட ஒரு வார்த்த சொல்லும்மா தல்லி."

மறுக்க மனம் வரவில்லை. கொட்டகைக்குள் போய், சாணம் மெழுகிய தரையில் முழங்கால் போட்டு, "ஆண்டவரே, இந்தப் பசுவுக்கும் இந்த அம்மாவுக்கும் இரங்கும்" என்று சுருக்கமாக முடித்தாள். ஜெபம் சுருங்கியது. முட்டி சுருங்கவில்லை. பிடித்து எழத் தூண் எதுவும் இல்லை. எதிரில் பசுவின் கழுத்துத்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் இரண்டு கையாலும் அதைக் கட்டிக்கொண்டாள். பசு மிரண்டு தலையைத் தூக்கியது. தூக்கிய வேகத்தில் கிருபாராணியும் நிமிர்ந்து நின்றுவிட்டாள். கழுத்தை விடப் பயந்து சற்றுநேரம் அப்படியே அதைத் தடவிக் கொடுத்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாளும் குச்சியோடு வந்த மனிதர்களையே பார்த்திருந்த பசு, யாரோ தன்னைக் கட்டிக்கொண்டு நிற்பதில் சாந்தமாகிவிட்டது. அன்று சாயங்காலம் செம்பு நிறையப் பால் கறந்தது.

நாராயணம்மா இந்தச் செய்தியைப் பாலோடு சேர்த்து வீடு வீடாக ஊற்றினாள்.

இதற்கிடையில் இன்னொரு சிக்கல். ஜெபதுரை ஐயர் ஓசூரில் ஆராதனை முடித்து, சைக்கிளில் உத்தனப்பள்ளிக்குப் போய் அங்கேயும் ஆராதனை நடத்தவேண்டும். கிருபாராணி எழுந்திருக்கத் தாமதமாக, அவர் போகத் தாமதமாயிற்று. உத்தனப்பள்ளி சபையார் வெயிலில் காத்திருந்து அலுத்து, சேலத்துப் பெரிய ஐயரிடம் முறையிட்டார்கள். ஏன் தாமதம் என்று பெரிய ஐயர் கேட்டார். "ஓசூர் சபை ஆராதனைக்குப் பிறகும் ஜெபத்தில் தரித்திருக்கிறது" என்று ஜெபதுரை ஐயர் பதில் சொன்னார். கேட்ட பெரிய ஐயருக்கு மெய்சிலிர்த்துவிட்டது. அந்தச் சபையை நேரிலேயே பார்க்கவேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

இதைச் சொல்ல ஜெபதுரை ஐயர் பள்ளிக்கூடத்துக்கே வந்தார். அவர் முகத்தில் சந்தோஷத்தைக் காணவில்லை.

"பெரிய ஐயர் வருகிறார் அம்மா. உங்கள் பக்கத்திலேயே முழங்கால் போட்டு ஜெபம் செய்யவேண்டுமாம்."

கிருபாராணிக்கு முட்டியோடு சேர்ந்து நாக்கும் பூட்டிக்கொண்டது. கடைசியில் துணிந்து, "ஐயா, நீங்கெல்லாம் நெனக்கிற மாதிரி நான் பெரிய ஜெபக்காரி இல்லீங்க" என்றாள்.

"அது ஆண்டவருக்குத் தெரியும் அம்மா" என்று சொல்லிவிட்டு அவர் அவசரமாகச் சைக்கிளில் ஏறினார்.

தாழ்மை என்று எடுத்துக்கொண்டார் போலும்!

"பெரிய ஐயருக்குத் தெரிஞ்சா அன்னைக்கே மாலைதான்" என்று அழுதாள் கிருபாராணி. ஜான்பீட்டர் நெடுநேரம் யோசித்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து தன் விசிலை எடுத்துத் துடைத்தான்.

"இதுதான் வழி. அன்னைக்கி டூட்டிய மாத்திகிட்டு வர்றேன். ஆமென் சொல்லி முடிஞ்சதும் நான் வெளியில நின்னு ஒரு விசில் குடுப்பேன். பஸ்ஸு போவுதுன்னு எல்லாரும் எந்திரிச்சி ஓடுவாங்க. கோயிலு காலி. நீ நிதானமா எந்திரி."

"கோயில்ல இருந்து ஓடுவாங்களா?"

"ராணி, இந்த விசிலுக்கு எல எடுக்காம எச்சக் கையோட ஓடியாந்தவனை எல்லாம் பாத்திருக்கேன்."

அந்த ஞாயிறு கோவில் நிரம்பி வழிந்தது. உத்தனப்பள்ளியிலிருந்து மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே நாராயணம்மா நின்றாள். வெள்ளை அங்கியும் வெள்ளை மீசையுமாகப் பெரிய ஐயர் முன்வரிசைக்கே வந்து, கிருபாராணிக்குச் சற்றுத் தள்ளி மண்டியிட்டார். விடியற்காலையில் வெந்நீரில் கால்களை ஊறவைத்து, ஆஸ்பிரின் விழுங்கிவிட்டு வந்திருந்தாள் அவள். பயத்தில் அது எதுவும் வேலை செய்யவில்லை.

ஆசீர்வாதம். ஆமென். மௌனம்.

வெளியே நீளமாக விசில் ஊதியது.

ஒருவரும் அசையவில்லை. உத்தனப்பள்ளிக்காரர்கள் மட்டும் மெல்லத் தலையைத் தூக்கினார்கள். ஓசூர்க்காரர்கள் யாரும் எழாததைப் பார்த்து மறுபடியும் குனிந்துகொண்டார்கள்.

இரண்டாம் முறை இன்னும் பலமாக ஊதியது. பெரிய ஐயர் மட்டும் திடுக்கிட்டு எழுந்து, "சேலம் பஸ்ஸா? என் பெட்டி எங்கே?" என்று அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். அங்கே பஸ் இல்லை. கன்னங்கள் உப்பிய ஜான்பீட்டர்தான் நின்றிருந்தான். பெரிய ஐயர் திரும்பிப் பார்த்தார். சபை முழுவதும் கல்லில் செதுக்கியதுபோல் முழங்காலில் இருந்தது. அவர் கண்கள் கலங்கின.

"நான் ஒருவன்தான் ஓடினேன்!" என்று தழுதழுத்தார். "பஸ் விசிலுக்குக்கூட அசையாத சபை. ஆண்டவரே, இந்த விசுவாசத்துக்கு முன்னால் நான் எம்மாத்திரம்!" மெதுவாக வந்து மறுபடியும் மண்டியிட்டார்.

அதற்குமேல் கிருபாராணியால் தாங்க முடியவில்லை. வீடு போனாலும் போகட்டும் என்ற முடிவுக்கு வந்துவிட்டாள்.

"ஐயா!" என்று குரல் கொடுத்தாள். எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. "இது விசுவாசம் இல்லீங்க ஐயா. இது மொழங்காலு."

"என்ன அம்மா?"

"எனக்கு வாத நோவுங்க. கையி, காலு, முட்டி எல்லாம் வீங்கிக் கெடக்குது. காலையில முட்டி போட்டா எந்திரிக்க முடியறதில்ல. வேல போயிடும், வூடு போயிடும்னு பயந்து ஜெபம் பண்ற மாதிரி இருந்துட்டேன். அதப் பாத்து இவங்களும்..." மேலே பேச முடியாமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பெரிய ஐயர் அவளருகே வந்து, வீங்கிப் பளபளத்த அவள் விரல்களைக் குனிந்து பார்த்தார்.

"பழைய டீச்சரம்மாவை அனுப்பினது நான்தான்" என்றார். "அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அது என்னை இன்னும் உறுத்துகிறது." மெதுவாக நிமிர்ந்தார். "காலையில் விரல் மடங்காது என்றால் தையல் வகுப்பை மத்தியானத்துக்கு மாற்றினால் போயிற்று. உட்கார ஒரு நாற்காலி. தையல் சொல்லிக்கொடுக்க முழங்கால் எதற்கு? ஜெபத்துக்குமே எதற்கு? உட்கார்ந்து கேட்டால் ஆண்டவர் மாட்டேன் என்றா சொல்லப்போகிறார்? அந்த வீட்டிலேயே இருங்கள் அம்மா."

கிருபாராணி விம்மி விம்மி அழுதாள். செல்வம்மாள் ஒரு பக்கமும் ஓடிவந்த ஜான்பீட்டர் மறுபக்கமும் பிடித்துத் தூக்கி அவளைப் பெஞ்சில் உட்காரவைத்தார்கள்.

அப்படியும் அவள் மனம் ஆறவில்லை. சபையைப் பார்த்துக் கை கூப்பினாள்.

"நீங்க எல்லாரும் என்னை மன்னிக்கணும். என்னைப் பெரிய ஜெபக்காரின்னு நம்பி, இத்தன வாரமா கல்லுத் தரையில முட்டி நோவ இருந்தீங்க. உங்க எல்லாரையும் ஏமாத்திட்டேன்."

செல்வம்மாள் தரையைப் பார்த்தாள். எல்லப்பன் மோட்டுவளையைப் பார்த்தார். ஜெபதுரை ஐயர் ஏனோ அங்கியின் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தார். பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த சாந்தம்மாதான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அது எங்களுக்கு மொத வாரமே தெரியுமுங்களே டீச்சரம்மா! நாம பாத்தா நீங்க வெக்கப்படுவீங்க, நீங்களா எந்திரிக்கிற வரைக்கும் ஒருத்தரும் எந்திரிக்கக் கூடாதுன்னு ஐயருதான் சொல்லிட்டாரு. இத்தன வாரமா நாங்க கண்ண மூடிகிட்டு வேற என்னா ஜெபம் பண்ணோம்னு நெனச்சீங்க? ‘ஆண்டவரே, டீச்சரம்மா சீக்கிரம் எந்திரிக்கட்டும், வூட்ல சோறு ஆறிப்போவுது’ன்னுதான்!"